உன் கருமாதியன்று காலை 10.12

மன்னித்துக்கொள். நீ இருந்தபோது ஒரு வரிகூட எழுதாதவள் இப்போது எழுதுகிறேன். இன்று உன் மேசையைத் துடைத்தபோது கீபோர்டுக்கு அடியில் நீ ஒட்டிவைத்திருந்த சீட்டு கையில் வந்தது. உன் கடவுச்சொல், உன் சாய்ந்த எழுத்தில். ஆத்திரம் வந்தது. முதலில் உன் மேல்தான்.

நம் கல்லூரிக் கணினிப் பிரிவில் அந்தச் சொல் தெரியாதவர் யார்? நீ விடுப்பு எடுத்தால் மதிப்பெண் பதிவு நின்றுவிடக் கூடாதென்று எல்லோருக்கும் சொல்லிவைத்தாய். நான் தடுத்தபோது சிரித்தாய். "என்னாத்த திருடப் போறாங்க? ஒனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்டி."

நீ காய்ச்சலில் போய் ஒரு மாதம் கழித்துத்தான், ஒரு மாணவனின் மதிப்பெண் திருத்தப்பட்டது தெரிந்தது. எப்போது என்று பதிவில் இல்லை. யார் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. "அந்தப் பொண்ணு போறதுக்கு முன்னாடி பண்ணியிருக்குது. போனவங்கள என்னன்னு கேக்கறது, வுடுங்க" என்றார் கண்காணிப்பாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

அன்று மதியம் பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். பயனர் பெயரைக் கொடுத்தால், சர்வரிடம் கேட்டு அந்தக் கணக்கின் எண், முழுப்பெயர், கடைசியாக நுழைந்த நேரம் எல்லாம் சொல்லும். உன் பெயரைக் கொடுத்தேன். அப்பாவின் இனிஷியலோடு வந்தாய். கடைசி நுழைவு, உன் கருமாதியன்று காலை 10.12.

அந்த நேரத்தில் சிதம்பரத்திலிருந்து ஆபீஸ் மொத்தமும் கிளம்பி வந்து, திருப்பாதிரிப்புலியூரில் உன் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். கண்காணிப்பாளர் மட்டும் பந்தி போட்ட பிறகு வந்தார். "கொஞ்சம் வேல இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

நேற்று என்னைக் கூப்பிட்டு, "அந்த ஐடிய நீக்கிடும்மா, சும்மா எதுக்குக் கெடக்குது" என்றார். நீக்கினால் உன் கோப்புகளில் பெயர் போய் வெறும் எண் நிற்கும். என் புரோகிராம் கேட்டால் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும். "சர்வர் ஸ்லோவா இருக்குது சார், அப்பறம் பண்றேன்" என்றேன். நான் சொன்ன முதல் பொய் அது. வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தார்.

அந்த நுழைவு நேரத்தை அச்செடுத்துக் கல்லூரி முதல்வரிடம் காட்டினேன். குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் விசாரிக்கலாம் என்றார். மனுவை நானே எழுதி, கையெழுத்து வாங்க உன் அம்மாவிடம் போனேன். அவர் அதைத் தொடவே இல்லை. "வேணாம்மா. யார் மேலயும் பழி போட வேணாம். அந்த சாரு நல்ல மனுஷன், அவ்ளோ தூரம் வந்து கை நனைச்சிட்டுப் போனாரு" என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை உன் கணக்கை எப்படியாவது இழுத்துப் பிடிப்பேன். அதற்குமேல் என்னால் முடியாது. நீ அடிக்கடி கனவில் வந்து தண்ணீர் கேட்கிறாய் என்று உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று போனால் தண்ணீர் கேட்காதே. கையெழுத்துப் போடச் சொல்.