மௌனத்துக்கு மதிப்பெண்

ஜூன் 3
அறுவை சிகிச்சை பயிலும் மருத்துவர்களுக்குப் பேசக் கற்றுத்தரும் வகுப்பு இன்று மீண்டும் தொடங்கியது. குடலை வெட்டித் தைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரிவதில்லை. ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியையான எனக்கு அதனால்தான் பிழைப்பு நடக்கிறது. கெட்ட செய்தி சொல்ல நான் வகுத்த முறை எளிது. உட்கார வேண்டும். "கொஞ்சம் வருத்தமான விஷயம்" என்று எச்சரிக்க வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நோயாளி கேட்டால்தான் மேலே பேச்சு. அந்த மௌனத்துக்கே அதிக மதிப்பெண்.

நோயாளியாக நடித்தவள் நான். 'பட்டுத்துணி' என்று நான் மனத்துக்குள் பெயர் வைத்திருப்பவன் மிக அழகாக வாயை மூடினான். முழு மதிப்பெண். அடுத்தவன், 'கோடாலி', நின்றபடியே, "கட்டி பரவிடுச்சும்மா, எடுக்க முடியல" என்றான். பூஜ்யம்.

ஜூன் 9
நாளை தங்கைக்கு வயிற்றுக் கட்டியை எடுக்க அறுவை சிகிச்சை, எங்கள் மருத்துவமனையிலேயே. "உன் பசங்க யாரும் என்மேல கத்தி வைக்க மாட்டாங்களே?" என்றாள். தலைமை மருத்துவர் வெட்டுவார், பையன்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 10
எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அறுவை அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நல்லதுதான் என்று எழுதிவைக்கிறேன்.

ஜூன் 13
வகுப்பு முடிந்து வார்டுக்குப் போனால் தங்கை உற்சாகமாக இருக்கிறாள். வீட்டு மாடி அறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். காலையில் பட்டுத்துணி வந்து பேசியிருக்கிறான். "ஏதோ வருத்தமான விஷயம்னான். அப்புறம் வாயே திறக்கல. தழும்பு பெருசா இருக்கும்னு சொல்ல வந்திருப்பான். இந்த வயசுல தழும்பு எப்படி இருந்தா என்ன? பாவமா இருந்துச்சு, சாப்பிட்டியா தம்பின்னு கேட்டேன். தலையாட்டிட்டுப் போயிட்டான்."

ஜூன் 14
தலைமை மருத்துவரை நடைவழியில் பார்த்தேன். "உங்க தங்கைகிட்ட நேத்தே சொல்லியாச்சு மேடம். ரொம்ப நல்லா எடுத்துக்கிட்டாங்களாம்." எதை என்று கேட்டேன்.

கட்டி வயிறு முழுவதும் பரவியிருந்தது. திறந்து பார்த்து, எதையும் எடுக்காமல் மூடிவிட்டார்கள்.

பட்டுத்துணியைத் தேடிப் பிடித்தேன். "நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன் மேடம். அவங்க கேக்கவே இல்ல." பிழையே இல்லை. அவள் கேட்டது சாப்பிட்டாயா என்று மட்டும். என்னத்தைச் சொல்லிக்கொடுத்துத் தொலைத்தேன்?

தலைமை மருத்துவர் தாமே வந்து சொல்வதாகச் சொன்னார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 15
சொல்லவில்லை.

ஜூன் 16
இன்றும் இல்லை. பெயிண்டரிடம் போனில் பேசிவிட்டாளாம். மஞ்சளா வெள்ளையா என்று என்னைக் கேட்டாள். மஞ்சள் என்றேன். கோழை.

ஜூன் 17
கட்டிலருகே உட்கார்ந்தேன். "ஒரு வருத்தமான விஷயம்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. நான் வகுப்பில் மெச்சும் மௌனம் அல்ல அது, வெறும் பயம்.

அவள் என்னையே பார்த்தாள். "அந்தப் பையனும் இப்படித்தான் உக்காந்திருந்தான். நீ கத்துக்கொடுத்ததா இது? சொல்றதானா சொல்லித் தொலை அக்கா."

"கட்டி பரவிடுச்சுடி. எடுக்க முடியல. அப்படியே மூடிட்டாங்க."

கோடாலியின் வாக்கியம். நான் பூஜ்யம் போட்ட வாக்கியம்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெயிண்டரை நிறுத்திவிடவா என்று கேட்டேன். இதைவிட அசட்டுத்தனமாக எவரும் கேட்டிருக்க முடியாது.

"எதுக்கு? அடிக்கட்டும். வெள்ளை அடிக்கச் சொல்லு. மஞ்சள் எனக்குப் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

ஜூலை 8
கோடாலியின் பூஜ்யத்தைத் திருத்தினேன். உட்காராததற்கு மட்டும் குறைத்தேன்.

இன்று வகுப்பில் தானே நோயாளியாக நடிப்பேன் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு நடிப்பு வராது, தேவைப்படவும் இல்லை. எதிரே வந்து உட்கார்ந்த பட்டுத்துணியின் முகம் வெளுத்துப்போனது. வருத்தமான விஷயம் என்றான். நிறுத்தினான்.

"சாப்பிட்டியா தம்பி?"

"அப்புறம் சாப்பிடுறேம்மா. நான் இன்னும் சொல்லி முடிக்கல."

சொன்னான். அவள் ஏற்கெனவே அறிந்ததை முதல்முறை கேட்பவளைப்போலக் கேட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது காரில், பையனுக்கு எவ்வளவு போட்டாய் என்றாள். நீயே போடு என்றேன். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"குரல் நடுங்குச்சு," என்றாள் வீட்டு வாசலில். "ஆனா புரிஞ்சுது."