என் லைசென்ஸ், தம்பியின் வெடி

12 மே 2006, வெள்ளி. ஃபஹாஹீல், குவைத்.

தம்பியை இன்று போனில் கிழித்துவிட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

லீவு முடிந்து கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொன்னேன்: துப்பாக்கி லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது, நான் ஊரில் இல்லாதபோது துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கு என்று. நன்றாகத் தலையை ஆட்டினான்.

இன்று பெருமையாகச் சொல்கிறான்: "அண்ணே, கடலைக்காட்டுல ஒரே வெடி. பன்னி சாஞ்சிருச்சு!"

"போலீஸ் கேட்டா என்னடா சொல்லுவ?"

"நீ சுட்டதாச் சொல்லிருவோம்ணே."

மடையன்! என் பாஸ்போர்ட்டையே கஃபீல், விசா கொடுத்த முதலாளி, இங்கே பூட்டி வைத்திருக்கிறார். குவைத்திலிருந்தா சுட்டேன்?

என் மனைவி போனை வாங்கினாள். அவளாவது அவனைக் கண்டிப்பாள் என்று நினைத்தேன்.

"கோவப்படாதீங்க. உங்க பங்குக் கறிய உப்புக்கண்டம் போட்டு, வாசல் கொடியில காய வச்சிருக்கேன்."