தம்பி வைத்துக்கொண்டது

ஜூன் 1, ஞாயிறு

முதுகு இன்று பரவாயில்லை. மாடிப்படியை நடுவில் நிற்காமல் ஏறிவிட்டேன்.

மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தோம். வழக்கம்போல எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். துண்டு, தலையணை உறை, குளியலறை மூலை. அப்புறம் அவன் கால் நகத்தைப் பார்த்தேன். ஓர் இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வரவேற்பறைப் பூச்சாடியைப் பார்த்துப் பயனில்லை, அங்கே இருப்பவர்களின் கால் நகத்தைப் பார்க்க வேண்டும். நன்றாகவே வெட்டியிருந்தார்கள். குறை ஒன்றும் கிடைக்காமல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. கடைசியில் அவன் அறை ஜன்னல் திரையின் கீழ்மடிப்பு கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் நிம்மதி. திரைச்சீலை தைத்துப் பிழைக்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா?

என்னை அங்கே ‘இன்ஸ்பெக்டர் அக்கா’ என்று சொல்கிறார்களாம். அவனைக் கவனித்துக்கொள்ளும் பெண் வாய்தவறி உளறிவிட்டாள். சொல்லட்டும்.

வாசலில் வைத்துத் தம்பி என் கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை உருவி என் கையிலேயே வைத்தான். அது ஆடுவது அவனுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் டேப்போடு போயிருக்கிறேன், என்னைச் சொல்ல வேண்டும்.

இங்கேயே எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றிப் பேசக் கூடாது. அம்மா போனதிலிருந்து அவன் என்னோடு இருந்தவன். என் முதுகுத்தண்டில் ஆபரேஷன் செய்யப் போய்த்தான் இல்லத்துக்கு அனுப்பினோம். தற்காலிகம். ஜூலைக் கடைசியில் நலத்துறை அதிகாரி வந்து அவன் எங்கே இருப்பது என்று பேசுவார். அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஜூன் 4, புதன்

வீட்டில் தம்பியின் அறைக்கு இவர் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அதே வெளிர்பச்சை. சுவரில் இருப்பதைவிட அவர் மேல் இருப்பதுதான் அதிகம்.

ஜூன் 8, ஞாயிறு

கோபத்தில் எழுத்து கோணுகிறது. இருக்கட்டும்.

தம்பியின் பேன்ட் நழுவுகிறது. இழுத்துவிட்டேன், மறுபடி நழுவியது. டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். இரண்டு இஞ்ச் குறைந்திருக்கிறான். ஆறடி ஆள், நாற்பத்து நாலு வயசு, இப்படியா இளைப்பான்? பட்டினி போடறாங்களா? அடிச்சு வெக்கறாங்களா? அவனுக்கு வாய் பேச வராதுங்கற தைரியமா?

பொறுப்பாளர் அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. எடை குறைந்தது அவர்களுக்கும் தெரியுமாம். மருத்துவரிடம் காட்டியாயிற்று, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை.

“அவர் கேக்கறதைத்தான் செஞ்சு குடுக்கறோம். ஆனா வெச்சா தொட மாட்டேங்கறாரு. எங்களுக்கே புரியல.”

கேக்கறானா? என் தம்பியா? நான் கத்திய கத்தலில் சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் குரலை உயர்த்தவே இல்லை.

“சாப்பாட்டு நேரத்துக்கு வந்து அவர்கூட உக்காந்து பாருங்களேன். எப்ப வேணா வாங்க. சொல்லிட்டுகூட வர வேண்டாம்.”

அதைக் கேட்டதும் என் சுருதி இறங்கிவிட்டது. ஒளிக்க ஏதாவது இருந்தால் சொல்லாமல் வா என்பார்களா?

ஆனாலும் கோபம் முழுதாகப் போகவில்லை. பேன்ட்டைக் கொண்டுவந்துவிட்டேன், பிடித்துத் தைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

கடையைச் சாத்திவிட்டு மத்தியானம் போனேன். சொல்லாமல்தான் போனேன். தம்பியைக் கவனித்துக்கொள்ளும் பெண்தான் கதவைத் திறந்து, “வாங்கக்கா, சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க” என்றாள். திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

நீள மேசை. பேச்சு வராதவர்களுக்காக ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அன்றைய சாப்பாட்டு வகைகளைப் படமாக அட்டையில் ஒட்டி முன்னால் வைப்பார்கள். எது வேண்டுமோ அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தால் அது தட்டுக்கு வரும். நல்ல ஏற்பாடு, என்னாலேயே குறை சொல்ல முடியவில்லை. தம்பிக்குப் பக்கத்தில் உட்காருகிற பாட்டுக்காரர் (எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர்) சூப் அட்டையைப் படாரென்று நீட்டினார். சூப் வந்தது.

தம்பி முன்னால் முட்டை, உருளைக்கிழங்கு, சூப். நிதானமாக மூன்றையும் பார்த்தான். முட்டை அட்டையை இரண்டு விரலால் எடுத்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்தான். இடது கை உருளைக்கிழங்கு அட்டையின் மேலேயே இருந்தது.

“பாத்தீங்களாக்கா? தினமும் முட்டைதான் கேக்கறாரு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் புரையேறி, பாட்டுக்காரர் முனகலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வேண்டாததைத்தானே அவன் நம் கையில் வைப்பான்! சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். குத்துகிற சட்டை, கரகரக்கிற ரேடியோ, எல்லாவற்றையும் கொண்டுவந்து அம்மா கையில் வைப்பான். எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். வேண்டியதைத் தன்னிடமே வைத்துக்கொள்வான். எங்கள் வீட்டில் இது மூச்சு விடுகிற மாதிரி. சேர்க்கும்போது ஒவ்வாமை, தூக்கம், பயம் என்று அத்தனை கேட்டார்கள், இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆக, முட்டை வேண்டாம் என்று அவன் தினமும் சொல்லியிருக்கிறான். இவர்களும் தினமும் தலையை ஆட்டிவிட்டு முட்டையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

சொன்னேன். சமையல்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“வேக வெச்சேன், பொரிச்சேன், ஆம்லெட் போட்டேன். உப்பு தூக்கலா, உப்பே இல்லாம... என் கைப்பக்குவமே போயிடுச்சோன்னு பயந்துட்டேம்மா.”

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேண்டியதைக் கையில் கொடுக்கும்படி அவனுக்கு மெதுவாகப் பழக்கலாமா என்று கேட்டாள். பொறுப்பாளர் அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: “நாப்பது வருஷமா அவர் ஒழுங்காத்தான் சொல்லிட்டிருக்காரு. நமக்குத்தான் புரியல. நாம மாத்திக்கலாம்.”

தம்பி உருளைக்கிழங்கு சாப்பிட்டான். தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டானாம். சமையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முட்டை என்ற பேச்சையே அந்த இல்லத்தில் யாரும் எடுப்பதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சீக்கிரமே போய்விட்டேன். தம்பி துணி மடிக்கும் அறையில் நின்றுகொண்டிருந்தான். சலவை இயந்திரம் சுற்றுகிறதைப் பார்க்கிறான், நின்றதும் துண்டுகளை எடுத்து உலர்த்துகிறான், காய்ந்ததை மடிக்கிறான். என் தம்பியை வேலைக்கு வைத்துவிட்டார்களா என்று இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். யாரும் சொல்லவில்லையாம். ஒருநாள் அவனாகப் போய் நின்றானாம். மடிக்க விருப்பமில்லாத நாளில் கூடையைத் தூக்கி அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவானாம். அவளும் பேசாமல் வாங்கிக்கொள்கிறாள்.

மடிப்பைப் பார்த்தேன். ஓரத்தோடு ஓரம் அப்படியே பொருந்துகிறது. என் கடையில் ஒருத்திக்கும் இப்படி வராது. பெருமையாக இருந்தது. என் வீட்டில் அவன் சோபாவில் உட்கார்ந்தே இருப்பான், எல்லாவற்றையும் நானே செய்துவிடுவேன். அவனுக்கு மடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

சத்தமே ஆகாதவன், மத்தியானம் முழுக்கப் பாட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. எழுந்து மட்டும் போகவில்லை.

ஜூலை 2, புதன்

“அங்க நல்லாத்தானே இருக்கான்?” என்று இவர் மெதுவாக ஆரம்பித்தார். பெயின்ட் அடித்த கையோடு கேட்கிற கேள்வியா அது? சாப்பிடும்போது கிண்ணத்தை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன். அவர் ரசம் நன்றாக இருக்கிறது என்றார். அது ரசமே இல்லை, சூப்.

ஜூலை 10, வியாழன்

அறை தயார். புதுத் திரையும் தைத்துவிட்டேன், கீழ்மடிப்பு நூல் பிடித்ததுபோல் இருக்கிறது.

டாக்டர் இனி கனம் தூக்காதீர்கள் என்கிறார். தம்பி குளியலறையில் சில நாள் தரையில் உட்கார்ந்துவிட்டால் எழ மாட்டான். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. இவரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

அதிகாரி இளைஞர், மரியாதைக்காரர். முடிவு உங்களுடையதோ எங்களுடையதோ இல்லை, தம்பியின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றார். எனக்கு நல்லதாகவே பட்டது. அவனைக் கேட்டால் என் பக்கம்தானே சொல்வான் என்று தெம்பாக உட்கார்ந்திருந்தேன். அவன் துணிகளை எடுத்துவரக் காலிப் பைகூடக் கொண்டுபோயிருந்தேன்.

மேசையில் இரண்டு புகைப்படங்களை வைத்தார். ஒன்று இல்லத்தின் வாசல், நீலக் கதவு. இன்னொன்று எங்கள் வீட்டு வாசல், இவர் செருப்பு உட்பட. “எங்க இருக்கணும்னு இருக்கு?” என்று தம்பியிடம் நிதானமாகக் கேட்டார்.

தம்பி இரண்டையும் கையில் எடுத்தான். வெகுநேரம் பார்த்தான். எங்கள் வீட்டுப் படத்தை என்னிடம் கொண்டுவந்தான். என் கையைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்தான்.

அதிகாரி முகமெல்லாம் சிரிப்பு. “பாத்தீங்களா மேடம்! வீட்டுக்கு வரணுங்கறாரு. உங்க கையிலயே குடுத்துட்டாரு.”

நீலக் கதவுப் படத்தைத் தம்பி சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த நேரம்... எனக்கு என்னென்னவோ ஓடிச்சு. பேசாம இருந்தா போதும். அவரே எழுதிக்குவாரு. பச்சை ரூம் இருக்கு, திரை இருக்கு, அவன் என்கூட இருப்பான். யாரு என்னைக் கேக்கப் போறாங்க? பொறுப்பாளர் அம்மாவைப் பார்த்தேன். அவங்களுக்கும் தெரியும். ஆனா வாயைத் திறக்கல. என்னையே பாத்துட்டு இருந்தாங்க.

தம்பி சட்டைப் பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றான், யாராவது எடுத்துவிடுவார்களோ என்பது போல.

“இல்ல சார்” என்றேன். “அவன் வேண்டாததைத்தான் கையில குடுப்பான். வேணுங்கறது பாக்கெட்ல இருக்கு.”

அதிகாரிக்குப் புரிய வைக்க முட்டைக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சமையல்காரர் சாட்சிக்கு வந்தார். அப்படியும் அதிகாரி விடவில்லை, சரியான ஆள். அதே வாசல்களின் வேறு படங்களை இடம் மாற்றி வைத்து, எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்டார். அதே பதில்தான்.

கிளம்பும்போது பொறுப்பாளர் அம்மாவிடம் கேட்டேன், நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று.

“நான் சொல்லியிருப்பேன். ஆனா உங்களுக்கு வாய் சும்மா இருக்காதுன்னு தெரியும்.”

பேருந்தில் அழுதேன். என்னை வேண்டாம் என்றுவிட்டானே. இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், அவரும் அழுதிருப்பார்.

ஜூலை 26, சனி

ஒரு திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

“அந்த ரூம்ல இனிமே நான் நிம்மதியா குறட்டை விட்டுக்கறேன்” என்றார் இவர். தலையணையை வீசினேன். அப்புறம் இரண்டு பேரும் போய் அந்தப் பச்சை அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

யோசித்துப் பார்த்தால் அவன் வேண்டாம் என்றது வீட்டை. படத்தில் நான் இல்லையே. இவர் செருப்புதான் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவனுக்காகத் தைத்த திரையை எடுத்துக்கொண்டு போனோம். இவர் ஸ்டூலில் ஏறி மாட்டினார். தம்பி கீழ்மடிப்பைத் தடவிப் பார்த்தான், முகத்தில் வைத்து மோந்து பார்த்தான், என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பழைய கோணல் திரையைத்தான் சுருட்டி என் கையில் வைத்தான். பேன்ட் இடுப்பு இறுக்கமாகிவிட்டது, அடுத்த வாரம் பிரித்துவிட வேண்டும். கால் நகம் பார்க்க மறந்துவிட்டேன்.

துண்டுகள் காய்ந்திருந்தன. அவனுக்கு வேலை இருந்தது. என் கைப்பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான், கிளம்பு என்று.

“சரிடா, கிளம்பறேன்” என்று எழுந்தேன்.

வாசலில் வழக்கம்போல என் கழுத்திலிருந்து டேப்பை உருவினான். நானும் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான். டேப்பை ஓரத்தோடு ஓரம் பொருத்திச் சுருட்டினான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணி மடிக்கும் அறைக்குப் போய்விட்டான்.

நான் கையை நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். இவர்தான் தோளைத் தட்டி, “உள்ள போய் வாங்கிட்டு வரட்டுமா?” என்றார்.

வேண்டாம் என்றேன். கடையில் எங்கேயோ இன்னொரு டேப் இருக்கிறது, நாளைக்குத் தேட வேண்டும்.