மெட்டியைக் கழற்றிவிட்டேன்

அரியலூர்,
புதன்கிழமை சாயங்காலம்.

என் செல்ல மகள் அபிநயாவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா சுகம், மாடு கன்று சுகம், நானும் சுகம். என் இடது காலில் ஒரு விரல் மட்டும் சுகமில்லை, அதுவும் நாளைக்குக் காலையில் போய்விடும். இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் அப்பா படம் பிடித்து உனக்கு அனுப்புவார். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கையில் குத்தியிருக்கும் ஊசியைத் திட்டு, என்னைத் திட்டாதே.

விரலை எடுக்க விடாதே, அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் வந்து சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னாய். உன் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எலும்புக்குள் இருக்கும் கிருமிக்கு உன் லீவு தெரியாதே. டாக்டரம்மாவும் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கவில்லை, முதலில் ஊசி மருந்திலேயே சரி பண்ணத்தான் பார்த்தார்கள். சிலருக்கு அதிலேயே ஆறிவிடுமாம், எனக்குக் கேட்கவில்லை. சிவப்பு பக்கத்து விரலுக்கு ஏறுகிறது. புண்ணுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார்கள், அது எலும்பில் டக்கென்று தட்டியது எனக்கே கேட்டது, ஆனால் வலி துளிகூட இல்லை. அப்போதுதான் அபி எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. என் காலையே யாரோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தட்டுகிறார்கள், எனக்குத் தெரியவில்லை.

இது எப்படி வந்தது என்று கேட்டாய், முள்ளுமில்லை ஆணியுமில்லை, என் மெட்டிதான். சர்க்கரையால் காலில் உணர்ச்சி செத்துப்போய் வெகுநாளாகிறது. விரல் வீங்க வீங்க மெட்டி உள்ளே இறுக்கிக்கொண்டே போயிருக்கிறது, சதையை அறுத்து எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. விக்கிரமங்கலத்தில் நர்சு பார்த்த அன்றைக்கே வெட்டி எடுத்துவிடலாம் என்றாள். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்று நான்தான் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். யார் சொல்லியும் இல்லை, நானேதான். கடைசியில் அப்பாதான் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு என் கால்மாட்டில் உட்கார்ந்தார். உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று காலை இழுத்துக்கொண்டேன். அதற்கு அவர், எனக்கு ஆனா ஆவட்டும்டி, நீ காலை நீட்டு என்றார். வாயைத் திறக்காத மனுசன் திறந்தால் இப்படித்தான். வலது கால் மெட்டியும் இறுக ஆரம்பித்திருந்தது, அதையும் நானே எடுக்கச் சொல்லிவிட்டேன். கழற்றியதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன், அதற்குள் உள்ளே போகவேண்டியது போய்விட்டது.

விஷயம் தெரிந்ததும் உன் முத்தாயி அத்தை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். அவள் மகன் அசோக் கல்யாணம் திருமழபாடியில் வரும் வெள்ளிக்கிழமை அல்லவா, அது முடிகிற வரைக்குமாவது பொறுத்துக்கொள் என்றாள். சுமங்கலி மெட்டி இல்லாமல், விரலும் இல்லாமல் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கலாமா என்று கேட்டாள். அப்புறம், காலை எடுத்தா ஆளு தங்காது ஜோதி, உங்க அண்ணனைப் பாத்தல்ல, காலைத்தான் எடுத்தாங்க ஒரு வருசம் இருந்தாரா என்றாள். போய்ச்சேர்ந்த புருஷனை, உன் கண்ணையன் மாமாவை நினைத்து வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதாள். எனக்கு மெட்டியைக் கழட்டுனப்ப நாலு பேரு கையைப் புடிச்சிக்கிட்டாங்க, நீ சிரிச்சிக்கிட்டே கழட்டிட்டியே என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபமெல்லாம் போய்விட்டது, அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டேதான் மாட்டேன் என்று சொன்னேன்.

அவள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை என்பதால் டாக்டரம்மாவிடமே நேராகக் கேட்டுவிட்டேன். அவர்களும் ஒளிக்கவில்லை. எலும்பு வரைக்கும் போனவர்களில் நிறையப் பேர் சில வருடங்களுக்குள் இறந்துதான் போகிறார்களாம், ஆனால் பெரும்பாலும் கத்தியால் இல்லையாம். சர்க்கரை காலை மட்டுமா தின்கிறது, நெஞ்சையும் கிட்னியையும் சேர்த்தே தின்கிறது, எல்லோரும் புண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும்போது மாரடைப்பு வந்துவிடுகிறது என்றார்கள். கண்ணையன் மாமா அப்படித்தானே போனார், கால் ஆறித்தானே இருந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதானே விழுந்தார். அவரும் ஆலத்தியூர் சிமெண்ட் லாரி லோடு முடியட்டும், மகள் வளைகாப்பு முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, முழங்கால் வரை ஏறிய பிறகுதானே ஆஸ்பத்திரிக்கே வந்தார். அவரைக் கத்தி கொல்லவில்லை, பொறுத்துக்கொள் பொறுத்துக்கொள் என்ற வாய்கள்தான் கொன்றன. இதை எதற்கும்மா என்னிடம் சொல்கிறீர்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன், அந்தக் கணக்குல நீங்க சேரக் கூடாதுன்னுதான் என்றார்கள். சேரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அப்படியென்றால் என் நெஞ்சையும் பாருங்கள் என்று நானே கேட்டு எக்கோ எடுக்க வைத்தேன். கிட்னிக்கும் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சு கொஞ்சம் சோம்பேறியாக இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கிட்னி இப்போதைக்குத் தாங்குகிறது. ஒரு விரலைக் கொடுத்துக் காலைக் காப்பாற்றுகிறேன், மாத்திரையைத் தின்று நெஞ்சைக் காப்பாற்றுகிறேன். இதில் அபசகுனம் எங்கே இருக்கிறது சொல்.

கல்யாணத்துக்கு எழுந்து போகமுடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அது ஒன்றுதான் எனக்கு வருத்தம். அசோக்கைத் தூக்கி வளர்த்தவள் நான். மற்றபடி வீட்டில் குறையொன்றும் இல்லை. மக்காச்சோளம் அறுத்தாயிற்று, வெங்காயத்துக்கு விலை இல்லை என்று அப்பா புலம்புகிறார். ஆஸ்பத்திரி இட்லி பஞ்சு மாதிரி இல்லை, அதுவும் ஒரு குறை.

ஒன்று மட்டும் மறக்காதே. நீ என் மகள், என் ரத்தம், இந்தச் சர்க்கரை உன்னையும் தேடும். இந்த வாரமே போய் டெஸ்ட் எடு, எடுத்துவிட்டு எனக்குச் சொல், வேலை என்று சாக்குச் சொன்னால் இங்கிருந்தே திட்டுவேன். தினமும் சாக்ஸைக் கழற்றி உள்ளங்காலைப் பார்.

இப்போது டிக்கெட் போடாதே. நீ அழுதுகொண்டு வந்து பார்ப்பதற்கு நான் ஒன்றும் கிடத்திவைத்த உடம்பில்லை. தை மாதம் வா. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே நடந்து வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நொண்டித்தான் நடப்பேன், அதனால் என்ன, நீ மெதுவாக நட. நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நூறு வருடம் இருக்கவேண்டும், அதைப் பக்கத்திலிருந்து நான் பார்க்கவேண்டும்.

நாளைக்கும் நாளைக்குப் பிறகும்
உன் அம்மா,
கு. ஜோதி