ராய்ஸின் நீலத் துப்பாக்கி

டுவைட்,

அடுப்பில் மாட்டுக்கறியும் பீன்ஸும் இருக்கின்றன, வேட்டையிலிருந்து வந்ததும் சூடுபண்ணிச் சாப்பிடு. நான் காஸ்பரில் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். நாயும் என்னோடு வருகிறது. அது துப்பாக்கிப் பெட்டகம் இருக்கும் அறைப் பக்கமே போக மறுக்கிறது.

செத்துப்போன உன் அண்ணன் ராய்ஸ் ஆசை ஆசையாகச் செய்வித்த அந்த நீலத் துப்பாக்கியில் மறுபடியும் துரு. "வெறுங்கையால தொட்டியா? வேர்வை பட்டா இரும்பு மேல இருக்கற நீலப் பூச்சு போயிடும்னு எத்தன தடவ சொல்றது?" என்று போன வாரம் கத்தினாயே. நான் தொடவே இல்லை. நீ வேட்டைக்குக் கிளம்பியதும் கையுறை போட்டு, எண்ணெய் தடவித் துடைத்து, நானே பூட்டினேன். சாவி என் கழுத்திலேயே கிடந்தது. இன்று காலை திறந்தால் ஐந்து விரல்களும் துருவாகப் பதிந்திருக்கின்றன. இடது கை. நம் வீட்டில் ராய்ஸ் மட்டும்தான் இடது கைக்காரர்.

அப்போதே அதை அவரோடு புதைத்துவிடச் சொன்னேன். "நல்ல துப்பாக்கிய யாராவது மண்ணுக்குக் குடுப்பாங்களா?" என்று சிரித்தாய்.

சாவி சர்க்கரை டப்பாவில். சாயங்காலம் சேரிடன் ஊர்த் துப்பாக்கி வியாபாரி வெர்லின் வருவார். விலை பேசாமல் கொடுத்துவிடு. எனக்குக் கோபமில்லை, பயம்தான். நீயும் வந்துவிடு.

மார்லிஸ்

பி.கு.: கிளம்பும்போது வெர்லின் ஃபோன் செய்தார். வரவில்லையாம். "காலைல டுவைட்டோட அண்ணன்னு ஒருத்தர் கடைக்கு வந்து, விக்கலைன்னு சொல்லிட்டுப் போனாரும்மா. பாவம், இந்தப் பனியில வெறும் கறுப்பு சூட்டோட நின்னாரு."

சவப்பெட்டியில் வைக்கும் முன் அந்தச் சூட்டை அவருக்குப் போட்டுவிட்டது நீதான், டுவைட்.