கவுஞ்சி வீட்டுத் தீட்டு

என் அருமைப் பேச்சியக்காவுக்கு,

நேற்று உங்களுக்கு வருஷத் திதி. இலை போட்டு, உங்களுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் வெற்றிலையும் வைத்தேன். குழம்பில் உப்புத் தூக்கல் என்று உங்கள் கொழுந்தனார் முகத்தைச் சுளித்தார். "அக்கா சொல்லிக்குடுத்த கைதான், அவுககிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

நம் பூண்டி மலையில் இந்த வருஷம் பூண்டு நன்றாக வந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் எது எந்த வீட்டு விதை என்று எனக்குப் பாதிக்கு மேல் தெரியவில்லை. நீங்கள் அண்ணாந்து பார்த்தே சொல்வீர்களே! கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து விதைப்பூண்டு கொண்டுவருவது நம் வழக்கம். நீங்கள்தான் அந்தப் பூண்டைப் பார்த்து அவளுடைய அம்மா, அவள் அம்மாவைப் பெற்றவள் என்று ஏறிக்கொண்டே போவீர்கள். நான் செண்பகனூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, வெறுங்கையோடு வந்தவள். "இங்கிலீசுக்காரி வித கொண்டாரல, வாயத்தான் கொண்டாந்திருக்கா" என்று முதல் நாளே சொன்னீர்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இருக்கிறதே!

உங்களோடு பஸ்ஸில் போய் எத்தனை தடவை என் மானம் போயிருக்கிறது! டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு, "ஏலே, நீ யாரு மகன்? ஒங்காத்தா பொறந்த எடம் கூக்காலா?" என்று ஆரம்பிப்பீர்கள். பஸ் பூம்பாறை தாண்டுவதற்குள் அந்தப் பையன் உங்களுக்கு மருமகன் முறை ஆகியிருப்பான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யாரோ மாதிரி உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒரு நாள் மழையில் கேரட் மூட்டையோடு நாம் நின்றபோது, அவனேதான் இறங்கி வந்து தூக்கிப் போட்டான். "பாத்தியா?" என்று என் விலாவில் இடித்தீர்கள்.

உறவு உங்களுக்குப் பெருமை பேசுகிற விஷயமில்லை என்று எனக்குப் புரியவே சில வருஷங்கள் ஆயின. எந்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றுக் கிடக்கிறாள், அவளுக்கு யார் போய்ச் சோறு வடிக்க வேண்டும், எந்தக் கிழவருக்குக் கேட்க நாதியில்லை, அவருக்கு யார் முறை, இதுதான் உங்கள் கணக்கு. காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் முடித்துவிட்டு அதற்கும் நடப்பீர்கள். முறை தெரியாமல் நீங்கள் யாரையும் விட்டதில்லை. ஒருமுறையாவது தப்பாகச் சொல்லியிருக்கிறீர்களா?

அதைத்தான் அக்கா, இத்தனை வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் செல்விக்குக் கல்யாணப் பேச்சு எழுந்த வருஷத்தைச் சொல்கிறேன். மாமியார் கண்ணை மூடியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை. தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி ஊற்றி, நாத்தனாரை மகளாகவே வளர்த்தீர்கள். அவள் கவுஞ்சி ஊர் முருகேசனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நம் வீட்டில் சாவு விழுந்தால் கவுஞ்சி வீடு தீட்டுக் காக்கும். அங்கே விழுந்தால் நாம் காப்போம். தீட்டுக் காத்தால் பங்காளி. பங்காளிப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. மாமனாருக்கு அண்ணன், நம் பெரிய மாமா, துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கீழே பெரும்பாறைப் பக்கம், பெண்டாட்டி செத்த ஒருவருக்குச் செல்வியைக் கொடுப்பதாகப் பேசியும் வைத்துவிட்டார். செல்வி அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆண்கள் எல்லாம் கூடியிருந்த வாசலுக்கு நீங்கள் கையில் பூண்டுத் தாளோடு வந்தீர்கள்.

"மாமா, கவுஞ்சி வீடு நமக்குப் பங்காளி இல்லைங்க."

"எங்க வம்சத்தப் பத்தி வந்தவளுக்கு என்னத்தா தெரியும்?"

"வந்தவளுகதானுங்களே மாமா ஒங்க வம்சத்தப் பெத்தது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, நடுக்கமும் வந்தது. நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள். முன்னொரு காலத்தில் காய்ச்சல் வந்து கவுஞ்சி வீட்டில் ஆண்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஒரு கைக்குழந்தை மட்டும் மிச்சம். கொள்ளி வைக்க ஆளில்லை. நம் வீட்டுப் பாட்டனார் மலையேறிப் போய்க் கொள்ளி வைத்து, அவர்களுக்காகத் தீட்டும் காத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து ஆளானதும், நம் வீட்டுச் சாவுக்கு வந்து தீட்டுக் காத்தது. "அது ரத்தம் இல்லைங்க மாமா, நன்றி. பின்னால வந்தவுக பங்காளின்னு நெனச்சுக்கிட்டாக. பூண்டு கட்டுறப்ப அத்த எங்கிட்டச் சொன்னாக."

உறவுமுறையில் நீங்கள் சொன்னால் சொன்னதுதான் என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். பெரிய மாமா மறுபடியும் உட்கார்ந்தார். தை மாசம் செல்வி கவுஞ்சிக்குப் போனாள். நம் அடுப்புக்கு மேலிருந்து நீங்களே ஒரு கட்டு விதைப்பூண்டை எடுத்து அவள் மடியில் போட்டீர்கள்.

ஆனால் அக்கா, பூண்டு கட்டும்போது மாமியார் நடுவில், நீங்கள் அவருக்கு வலப்பக்கம், நான் இடப்பக்கம். வாயாடியான நான் ஒரு பேச்சையும் தவற விடமாட்டேன். அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. நான் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து போன நேரத்தில் சொல்லியிருப்பாரோ? அன்று சாயங்காலமே கேட்டேன், "நெசமாக்கா?" என்று. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தாளு காஞ்சா ஒடிஞ்சு போகும். வெரசாக் கட்டு" என்றீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

இப்போது செய்தியைச் சொல்கிறேன். செல்வி மகள் பொன்மணிக்குப் பூம்பாறையிலிருந்து மாப்பிள்ளை வந்திருக்கிறது. நல்ல பையன், கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை. அவளுக்கும் பிடித்துப்போயிற்று, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போன வாரம் கவுஞ்சியில் பரிசம் பேச உட்கார்ந்தோம். வெற்றிலைத் தட்டை மாற்றப் போகிற நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் தாத்தா தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனைக்காதீங்க. இது அண்ணன் தங்கச்சி முறையில கட்டுன வீடுன்னு ஒரு பேச்சு கெடக்கு. தெரிஞ்சவுக யாராச்சும் சொல்லணும்."

செல்வி முகத்தில் ரத்தமே இல்லை. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்களும் இல்லை. பொன்மணி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை அப்படியே அன்றைய செல்வியின் பார்வை. எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போவார்களா, அக்கா?

நான் எழுந்தேன். காய்ச்சலையும், கைக்குழந்தையையும், கொள்ளியையும், தீட்டையும் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அந்தப் பெரியவர் விடவில்லை.

"யாரு சொல்லக் கேட்டீக?"

"எங்க மாமியா சொன்னதுங்க."

"மூத்தவுககிட்டச் சொன்னதாத்தான் பேச்சு. நீங்க ஒங்க காதால கேட்டீகளாத்தா?"

முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டேங்க. பூண்டு கட்டிக்கிட்டு இருந்தோம். எங்கத்த நடுவுல, அக்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அந்தக் கைப்பிள்ளயப் பத்திச் சொல்லையில அத்த கண்ணத் தொடச்சுக்கிட்டாக."

கண்ணைத் துடைத்தது என் கைச்சரக்கு. திட்டாதீர்கள்.

பெரியவர் "பேச்சியம்மா ஓரகத்தி இல்ல நீங்க? சரித்தான்" என்று தட்டைக் கையில் எடுத்தார். செல்வி எழுந்து உள்ளே போய் அழுதாள். நானும் பின்னாலேயே போய் அழுதேன். உங்களை நினைத்துத்தான்.

தை பிறந்ததும் கல்யாணம். நம் அடுப்புக்கு மேலே இருப்பதில் நல்ல கட்டாக ஒன்றை எடுத்து, நீங்கள் செல்விக்குப் போட்ட மாதிரியே பொன்மணி மடியில் போடுவேன். இனி யார் கேட்டாலும், என் மருமகள் கேட்டாலும், நாளைக்குப் பொன்மணியின் மகளே வந்து கேட்டாலும், அன்று சொன்னதில் ஒரு சொல் மாற்றமாட்டேன். அது நிஜமா என்று உங்களிடமும் இனிக் கேட்கமாட்டேன். நீங்கள் ஒற்றை ஆளாக அதைச் சுமந்தது போதும், அக்கா. இனி அது நாம் இரண்டு பேரும் கேட்ட கதை.

பூண்டு கட்டுகையில் மாமியாருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த
உங்கள் ஓரகத்தி,
சாரதா