சிவப்புப் பேனையைத் தேடும் காலை

என் அன்புக்குரிய குலம் அண்ணை,

நீங்கள் ஓய்வுபெற்றுப் போன பிறகு இது இரண்டாவது மாரி. மாங்குளத்துப் பள்ளிக்கூடத்தில் உங்கள் உப அதிபர் கதிரை இப்போது என்னுடையது. அதன் கால் ஆட்டத்தை இன்னும் ஒருவரும் சரிசெய்யவில்லை.

காலை மணி அடித்ததும் ஆசிரியர் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறவேண்டும். அதற்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தியவர். வவுனியா பஸ் பிந்தும் நாட்களில் நீங்கள் பேனையைத் தேடுவீர்களே! மேசை லாச்சி, அலுமாரி, கடைசியில் கதிரைக்கடி. "இஞ்சைதானே வைச்சனான்" என்று முணுமுணுப்பீர்கள். பேனை உங்கள் காதில் செருகியிருக்கும். நாங்கள் பஸ்ஸால் இறங்கி ஓடிவந்து கையெழுத்து வைத்து, அந்தச் சிரிப்போடுதான் வகுப்புக்குப் போவோம். உண்மையாய்ச் சொல்லுங்கோ, அது அங்கே இருந்தது உங்களுக்குத் தெரியுந்தானே?

புது அதிபர் பேனையைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணியோடு தானே கோடு கீறினார். நல்ல மனிதர்தான் அண்ணை. சட்டம் தளர்ந்தால் பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று பயம். ஓமந்தையில் கைக்குழந்தையை விட்டுவிட்டு அந்த வவுனியா பஸ்ஸில் ஓடிவரும் கணித ஆசிரியை துஷியின் கையெழுத்து அடிக்கடி கோட்டுக்குக் கீழே இறங்கியது. அவளுடைய சிரிப்புப் போனது. பள்ளி விடும் மணி அடித்த கையோடு வீட்டுக்கு வெளிக்கிட்டாள். அவள் வைக்கும் பின்னேர வகுப்பு நின்றது. பிறகு இடமாற்றம் கேட்டு எழுதிவிட்டாள். சோதனை எடுக்கப்போகும் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேறு கணித ஆசிரியர் இல்லை. எனக்கு நித்திரை வரவில்லை.

அதிபரிடம் போனேன்.

"சேர், மனம் நொந்து வாறவையால எப்பிடிப் படிப்பிக்க ஏலும்?"

"ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும், ரீச்சர்."

"விடுவம் சேர். பஸ் பிந்தினால் ஆருக்கெண்டாலும் விடுவம்."

அவர் அடுத்த கோப்பை எடுத்து விரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

போன கிழமை நல்ல மழை. மணி அடித்தது, பஸ் வரவில்லை. அதிபர் இடாப்பைத் திறந்தார். வீதியைப் பார்த்தார். லாச்சியை இழுத்தார்.

"ரீச்சர், அந்தச் சிவப்புப் பேனையைக் கண்டனீங்களோ?"

பேனை அவருடைய சட்டைப்பையில் இருந்தது. நான் குனிந்து கதிரைக்கடியில் தேடினேன். கண் கலங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை.

துஷி நனைந்தபடி ஓடிவந்து கையெழுத்து வைத்தாள். நாங்கள் தேடும் கோலத்தைக் கண்டு சிரித்தேவிட்டாள். அன்று பின்னேரம் பிள்ளைகளை மறித்து வகுப்பு வைத்தாள். போகும்போது, "அக்கா, இடமாற்றம் வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

நான் இந்தக் கதிரையில் இருக்கும்வரை, பஸ் பிந்தும் நாட்களில் அந்தப் பேனை லேசில் அகப்படாது, அண்ணை.

உங்கள் கூடப்பிறவாத் தங்கச்சி,
வாசுகி